அத்தியாயம் 7: தேன் கெடும்

புதுச்சேரியின் பாகூர் பக்கத்தில் ஒரு மகளிர் குழுவுக்குத் தேன் ஸ்கிரப் வகுப்பெடுக்கப் போயிருந்தேன். பிரிசர்வேட்டிவ் என்று நான் வாயெடுத்ததுமே பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா கேட்டார்: “தேன்தான் எத்தனை வருசமானாலும் கெடாதே சார், அதுல எதுக்கு மருந்து?” பதில் சொல்லாமல் பையிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மூன்று வாரத்துக்கு முன் தேன், சர்க்கரை, நல்லெண்ணெய் மூன்றையும் கலந்து, வேண்டுமென்றே இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு நானே மூடிவைத்தது. திருகினதும் புஸ்ஸென்றது. உள்ளே ஓரமெல்லாம் பொடிக்குமிழ். முகர்ந்து பார்த்த அக்கா சிரித்துவிட்டார். கள்ளுக்கடை உள்ள ஊர்க்காரர்களுக்கு அந்த வாடையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தேன் கெடாமல் இருப்பது அதில் தண்ணீர் குறைவு என்பதால்தான். நன்றாக முதிர்ந்த தேனில் 17, 18 சதவீதம் தண்ணீர் இருக்கும். அந்த அடர்த்தியில் பெரும்பாலான கிருமிகளால் பெருக முடியாது. 20 சதவீதத்தைத் தாண்டினால் தேனுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் ஈஸ்ட் எழுந்துவிடும். ஸ்கிரப் ஜாடி வாழும் இடமோ குளியலறை. ஈரக்கை உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் சில சொட்டுத் தண்ணீர் கூடவே போகிறது; அந்தச் சொட்டைச் சுற்றி சர்க்கரை கரைந்து, தேன் நீர்த்து, ஈஸ்ட்டுக்குப் பந்தி விரிகிறது. தேன் வாங்குவதிலிருந்து மூடி பொறுக்குவது வரை இந்த அத்தியாயத்தில் வருவதெல்லாம் தண்ணீரைத் தள்ளி நிறுத்தும் வேலைதான். தியரி இத்தோடு முடிந்தது.

நாம் செய்யப்போவது கை, கால், உடம்புக்கான சர்க்கரை–தேன் ஸ்கிரப். முகத்துக்கு அல்ல. முகத்தோல் மெல்லியது, சர்க்கரை மணிக்கு மூலைகள் உண்டு. முதல் பொருளிலேயே அந்த வம்பு வேண்டாம். தண்ணீர் சேர்த்த கிரீம் ஸ்கிரப்பையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தண்ணீர் சேர்த்தால் கிருமிச் சோதனையும் செலவும் இரட்டிப்பாகும்.

தொடங்கும் முன்: உரிமம்

தோழிகளுக்குச் செய்து கொடுப்பது வேறு, விற்பது வேறு. விலை ஒட்டிவிட்டால் அது அழகுசாதனப் பொருள். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருட்கள் விதிகளும் உங்களைக் கட்டும். “கையால் செய்தது”, “இயற்கை” என்று எழுதிவிட்டால் விலக்கு உண்டு என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விலக்கு கிடையாது. உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

1. சொந்த உரிமம். சிஓஎஸ்-5 படிவத்தில் விண்ணப்பம், சிஓஎஸ்-8 படிவத்தில் உரிமம். புதுச்சேரியில் கொடுப்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. வீட்டு அடுப்பங்கரையைக் காட்டி வாங்க முடியாது. தனி இடம், கழுவக்கூடிய வழவழப்பான சுவர், வேதியியலை ஒரு பாடமாகப் படித்தவரோ மருந்தியல் பட்டயம் பெற்றவரோ மேற்பார்வைக்கு வேண்டும்.

2. லோன் லைசென்ஸ். உரிமம் உள்ள வேறொருவரின் ஆலையில் உங்கள் ஃபார்முலாவை, உங்கள் பெயரில் செய்வது. சிஓஎஸ்-6 விண்ணப்பம், சிஓஎஸ்-9 உரிமம். வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் போனால் வடமங்கலத்தில் இந்துஸ்தான் யூனிலீவரே ஆலை வைத்திருக்கிறது. சோப்பும் கிரீமும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அவ்வளவு பெரியவர்கள் நமக்கு வேண்டாம். உரிமமும் காலி நேரமும் உள்ள சிறிய ஆலை ஒன்று போதும்.

என்னைக் கேட்டால் இரண்டாவது வழியில் தொடங்குங்கள். முதல் வருடம் கட்டடத்தில் போடும் பணத்தைச் சோதனையில் போடலாம். பிறகு சொந்த இடம் கட்ட நினைத்தால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை (பிஎம்இஜிபி) பாருங்கள். கிராமப்புறத்தில் பெண்கள் தொடங்கும் தொழிலுக்கு 35 சதவீதம் மானியம், கைக்காசு 5 சதவீதம். விசாரிக்க வேண்டிய இடம் தட்டாஞ்சாவடியில் உள்ள மாவட்டத் தொழில் மையம்.

உரிமம் கைக்கு வரும்வரை இந்த அத்தியாயத்தின் செய்முறை பயிற்சிக்கும் சோதனைக்கும் மட்டும்.

தேன் வாங்குவது

இந்தத் தொழிலில் சிரமமான பகுதி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைத் தேனைச் சோதித்து முடிவை வெளியிட்டது. 13 பிராண்டுகளில் எல்லாச் சோதனையிலும் தேறியவை 3 மட்டுமே. அரிசியிலிருந்தும் கரும்பிலிருந்தும் எடுத்த சர்க்கரைப் பாகு அவ்வளவு நேர்த்தியாகக் கலக்கப்படுகிறது. அப்படியிருக்க, தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்ப்பது, திரியில் நனைத்துக் கொளுத்துவது, காகிதத்தில் விட்டு ஊறுகிறதா என்று பார்ப்பது எல்லாம் பொழுதுபோக்கு. கெட்டியான பாகு இந்த மூன்றிலும் தேறிவிடும்.

தேனை நம்ப முடியாவிட்டால், எடுத்த ஆளையும் எடுத்த தேனீப் பெட்டியையும்தான் நம்ப வேண்டும்.

பாகூர், வில்லியனூர் பக்கம் தென்னையும் முருங்கையும் வேம்பும் புளியும் உண்டு. நெல் அறுத்த வயலில் உளுந்து பூக்கும். பெட்டி வைத்திருப்பவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் கிடைக்கும் அளவு குறைவு. ஆனால் நமக்குத் தேவையும் குறைவு. ஒரு கிலோ ஸ்கிரப்புக்கு 60 கிராம் தேன்தான் போகிறது. ஐந்து கிலோ தேன் இருந்தால் 80 கிலோ ஸ்கிரப் தாண்டும். இங்கே தேன் எடுக்க முடியாத காலத்துக்கு மார்த்தாண்டம் இருக்கிறது, புவிசார் குறியீடு பெற்ற தேன். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பகுதி ரப்பர் மரத்தினுடையது. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், ஈரமும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்பதை மட்டும் தெரிந்து வாங்குங்கள். மலைத் தேன் வேண்டுமென்றால் 1993 முதல் தேன் எடுக்கும் பழங்குடியினரோடு வேலை செய்துவரும் கோத்தகிரி கீஸ்டோன் நிறுவனத்தின் வழியைப் பார்க்கலாம். விலை கூடும், வரலாறு சுத்தமாக இருக்கும்.

வாங்கும்போது வரிசையாக:

1. மூடிய அறையிலிருந்து எடுத்த தேனா என்று கேளுங்கள். தேனீ தண்ணீரை வற்றவைத்து முடித்த பிறகுதான் அறையை மெழுகால் மூடும். மூடாத அடையைப் பிழிந்தால் ஈரம் கூடிய தேன் வரும்.
2. தேன் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள். உள்ளங்கை அளவுக் கருவி. கண்ணாடியில் ஒரு சொட்டு தடவி வெளிச்சத்தில் பார்த்தால் ஈரத்தின் சதவீதம் தெரியும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 20 வரை அனுமதிக்கிறது. என் கோடு 19. அதற்கு மேல் காட்டினால் நன்றி சொல்லித் திருப்பிவிடுகிறேன்.
3. ரிஃப்ராக்டோமீட்டர் ஈரத்தை மட்டுமே சொல்லும். கலப்படத்தைச் சொல்லாது. ஆள் புதியவர் என்றால் முதல் கொள்முதலை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.
4. வந்த தேனை 40 டிகிரி வெந்நீரில் பாத்திரத்தோடு வைத்து இளக்கி, 80-ஆம் எண் ஸ்டீல் சல்லடையில் வடிகட்டுங்கள். மெழுகுத் துணுக்கும் தேனீச் சிறகும் மேலே நிற்கும். அடுப்பில் நேராக வைத்துக் காய்ச்ச வேண்டாம். நிறம் கறுக்கும், வாசனை போகும், எச்எம்எஃப் என்ற சேர்மம் ஏறும்.
5. உணவுத் தர பிளாஸ்டிக் கேனிலோ ஸ்டீலிலோ ஊற்றி இறுக மூடுங்கள். தேன் புளிப்புப் பொருள். இரும்புத் தகர டின்னில் வைத்தால் கறுத்துவிடும்.
6. கேனில் எழுதி ஒட்டுங்கள்: யாரிடம், எந்த ஊர், எந்தத் தேதி, ஈரம் எத்தனை.

ஐப்பசி, கார்த்திகையில் கேனைத் திறந்துபோட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தேன் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். காலையில் 18 காட்டிய தேன் வாரக் கடைசியில் மேல்பக்கம் மட்டும் 21 காட்டியதைப் பார்த்திருக்கிறேன். தரையில் வைக்கவும் வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. சரக்கைத் தரையில் வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் பலகை போட்டு அதன்மேல் வையுங்கள்.

சர்க்கரையா, அரிசியா?

பாகூர் நெல் விளையும் ஊர். அதனால் எல்லாக் குழுவிலும் ஒருவராவது “நம்ம அரிசியையே நொய்யா உடைச்சிப் போட்டா என்ன?” என்று கேட்பார். போடலாம். ஆனால் அரிசி மாவு வயல் கிருமியின் வித்துகளோடுதான் வரும். வறுத்தாலும் சில வித்துகள் பிழைத்துக்கொள்ளும். காமா கதிரூட்டிய மாவு வாங்கி, ஒவ்வொரு மூட்டையையும் சோதித்துப் போடத் தெம்பு வந்த பிறகு செய்யுங்கள். வால்நட் ஓட்டுத்தூள் உடைந்த கண்ணாடி மாதிரி கூர்மையானது. பிளாஸ்டிக் மணி பக்கம் போகவே வேண்டாம். அமெரிக்கா அதற்கு 2015-இலேயே சட்டம் போட்டுவிட்டது.

வெள்ளைச் சர்க்கரை போதும். தோலில் தேய்க்கத் தேய்க்கக் கரைந்துவிடும், அதனால் அதிகம் தேய்த்துக் காயம் பட்டுக்கொள்ள வாய்ப்புக் குறைவு. மிக்ஸியில் இரண்டே சுற்று. பிறகு 30-ஆம் எண் சல்லடையில் சலித்து மேலே நிற்கும் பெரிய மணியை ஒதுக்குங்கள். கீழே விழுந்ததை 60-ஆம் எண் சல்லடையில் மறுபடி சலித்து மாவை ஒதுக்குங்கள். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது, அதாவது கால் மில்லிமீட்டருக்கும் அரை மில்லிமீட்டர் சொச்சத்துக்கும் இடைப்பட்டது, நம்முடையது. விரல் நடுவில் உருட்டினால் ரவை போல இருக்கும். நாட்டுச்சர்க்கரை பார்க்க அழகு. ஈரமும் மண்ணும் அதிகம். வேண்டாம்.

ஃபார்முலா (1 கிலோ)

சலித்த சர்க்கரை: 500 கிராம்
தேங்காய் எண்ணெய்: 200 கிராம்
அரிசித் தவிட்டு எண்ணெய்: 85 கிராம்
எமல்சிஃபையிங் வாக்ஸ்: 80 கிராம்
ஸ்டியரிக் ஆசிட்: 40 கிராம்
தேன்: 60 கிராம்
கிளிசரின்: 20 கிராம்
ஃபீனாக்ஸி எத்தனால், எதில்ஹெக்ஸில் கிளிசரின் கலவை: 10 கிராம்
வைட்டமின் ஈ: 5 கிராம்

மில்லிலிட்டர், ஸ்பூன், டம்ளர் கணக்கு இங்கே உதவாது. தேன் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.4 கிலோ, எண்ணெய் ஒரு கிலோவுக்கும் குறைவு. எல்லாம் தராசில்தான். 10 கிராம் பிரிசர்வேட்டிவை நிறுக்க 0.1 கிராம் காட்டும் சிறு தராசு வேறு வேண்டும். பத்துக்குப் பதில் பதினைந்து போட்டால் பாதுகாப்பு கூடாது, தோல் எரியும். ஃபீனாக்ஸி எத்தனாலுக்கு மேல்வரம்பு 1 சதவீதம்.

வாக்ஸ் எதற்கு என்ற கேள்வி வரும். தேனும் எண்ணெயும் ஒன்றோடொன்று ஒட்டாது. வாக்ஸ் இல்லாமல் கலந்தால் மறுநாள் காலையில் தேன் வெல்லப்பாகு மாதிரி அடியில் கிடக்கும், எண்ணெய் மேலே மிதக்கும். ஸ்டியரிக் ஆசிட் நம் வெயிலுக்காக. தேங்காய் எண்ணெய் 25 டிகிரியிலேயே உருகிவிடும். மே மாதப் புதுச்சேரியில் ஜாடி முழுக்கத் தண்ணியாக ஓடாமல் அதுதான் பிடித்து நிறுத்துகிறது.

தேனை ஏன் 20 சதவீதம் போடக்கூடாது? போட்டுப் பார்த்தேன். பிசுபிசுப்பு, எறும்பு, பிரிதல் மூன்றும் வந்தன. தோலுக்குக் கூடுதலாக எதுவும் வரவில்லை. பெரிய கம்பெனி ஜாடிகளைத் திருப்பி, பொருள் பட்டியலில் தேன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பிரிசர்வேட்டிவுக்குப் பக்கத்தில், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். ஒரு சதவீதம்கூட இல்லை என்று அர்த்தம். முகப்புப் படத்தில் மட்டும் தேன் வழியும். நம்முடைய 6 சதவீதம் தைரியமாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய அளவு.

அறையும் ஆளும்

தேனீப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்கிரப் அறை வைக்காதீர்கள். தேன் கேன் திறந்த வாசனைக்கு முதலில் ஒன்றிரண்டு தேனீ வரும்; அரை மணி நேரத்தில் கூட்டமே வந்துவிடும். ஜன்னலுக்குக் கொசுவலை, கதவுக்கு இரட்டைத் திரை. மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், எறும்புக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. எறும்புப்பொடி இந்த அறைக்குள் வரக்கூடாது.

தலைமூடி, முகக்கவசம், கையுறை. வளையல், மோதிரம் வெளியே. கையில் காயம் உள்ளவருக்கு அன்று லேபிள் ஒட்டும் வேலை. பிரிசர்வேட்டிவைக் கையாளும்போது கண்ணாடி அணியுங்கள். செறிவாகக் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பட்டால் 15 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். கேஸ் அடுப்பைவிட இண்டக்‌ஷன் பாதுகாப்பு. எண்ணெய் சிந்தினால் முதலில் தரையைத் துடைத்துவிட்டு மற்ற வேலை.

பாத்திரங்களைக் கழுவி, கொதிநீர் ஊற்றி, முழுக்கக் காயவிடுங்கள். துணியால் துடைக்க வேண்டாம், நூல் ஒட்டும். காய்ந்த பிறகு 70 சதவீத ஆல்கஹால் தெளித்து, அதுவும் ஆவியாகும்வரை காத்திருங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் எந்த அடுப்பும் எரியக்கூடாது.

செய்முறை

1. எல்லாப் பொருளையும் முதலிலேயே நிறுத்து வரிசையாக வையுங்கள். நிறுத்ததை ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் எழுதி, இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பாதி வழியில் “தேன் போட்டோமா?” என்ற கேள்வி வராமலிருக்க வேறு வழியில்லை.

2. இரண்டு எண்ணெய், வாக்ஸ், ஸ்டியரிக் ஆசிட் நான்கையும் ஸ்டீல் பாத்திரத்தில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி 75 டிகிரிக்கு ஏற்றுங்கள். ஒரு துணுக்கு மெழுகுகூடத் தெரியாமல் கண்ணாடி போல் தெளிய வேண்டும். அவசரப்பட்டு முன்பே இறக்கினால் ஸ்கிரப்பில் பின்னாளில் வெள்ளைக் குருணை தட்டும்.

3. இறக்கியதும் பாத்திரத்தின் அடியையும் வெளிப்பக்கத்தையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வெந்நீரின் ஆவி கரண்டிக்காம்பிலும் விளிம்பிலும் சொட்டாக நிற்கும். அந்தச் சொட்டு உள்ளே விழுந்தால் இவ்வளவு பாடும் வீண். ஆறும்போது தட்டு போட்டு மூடவும் வேண்டாம். தட்டின் அடியில் வியர்த்து அதுவே சொட்டும். தூசு விழாமல் சலித்த சல்லடையைக் கவிழ்த்து வையுங்கள்.

4. 45 டிகிரிக்கு வந்ததும் பீட்டரால் மெல்ல அடியுங்கள். மஞ்சள் எண்ணெயாக இருந்தது மங்கி, வெளுத்து, மாவுக்கஞ்சிப் பதத்துக்கு வரும். கோடையில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். குளிர்ந்த நீர்த் தட்டில் வைத்து அவசரப்படுத்தலாம். ஆனால் மூன்றாம் படியை மறக்காதீர்கள்.

5. தேனையும் கிளிசரினையும் தனிக்கிண்ணத்தில் கலந்து 40 டிகிரிக்கு இளக்கி, நூல் போல ஊற்றிக்கொண்டே அடியுங்கள். ஒரே ஊற்றாக ஊற்றினால் நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துவிடும்.

6. பிரிசர்வேட்டிவ், வைட்டமின் ஈ. இரண்டு நிமிடம் அடிக்க வேண்டும். ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி இரண்டு நிமிடம்.

7. சர்க்கரை போடும் நேரம்தான் முக்கியம். கலவை 36 டிகிரிக்குக் கீழே வந்து, கரண்டியைத் தூக்கினால் மேலே கோடு நிற்கும் பதம் வர வேண்டும். மூன்று தவணையாகப் போட்டு மரக்கரண்டி அல்லாத ஸ்பேட்டுலாவால் மடித்துக் கலக்குங்கள். மரம் ஈரத்தைக் குடிக்கும், அதனால் எங்கும் மரக்கரண்டி வேண்டாம்.

8. அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகு மட்டும் ஜாடியில் நிரப்புங்கள். சூடாக நிரப்பி மூடினால் மூடிக்கடியில் வியர்வை. 100 கிராம் ஜாடி ஒன்பது வரும். பத்து வராது, பாத்திரத்திலும் பீட்டரிலும் ஒட்டுவதை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தவறினால் எப்படித் தெரியும்?

சர்க்கரை அடியில் இறுகி, மேலே எண்ணெய்ப் பசை மட்டும் நின்றால் நீங்கள் சூடாக இருக்கும்போதே சர்க்கரை போட்டுவிட்டீர்கள். என் முதல் ஐந்து கிலோ அப்படித்தான் போனது. வெளியே மழை, கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில் 50 டிகிரியிலேயே கொட்டிவிட்டேன். இரண்டாம் நாள் ஸ்பூன் அடியில் இறங்கவில்லை. கடைசியில் வீட்டில் ஒரு வருடம் குதிகால் தேய்த்தோம்.

பழுப்புச் சொட்டுகள் ஓரத்தில் கசிந்தால் தேன் பிரிகிறது. வாக்ஸ் குறைந்திருக்கும், அல்லது தேனை வேகமாக ஊற்றியிருப்பீர்கள். குமிழும் கள் வாடையும் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த பேட்ச் முழுவதும் குப்பைக்கு. மறுபடி சூடாக்கிக் காப்பாற்றுகிறேன் என்று இறங்க வேண்டாம். பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை மட்டும் அடித்தால் தேனைக் குற்றம் சொல்லாதீர்கள், எண்ணெய் டின்னை முகர்ந்து பாருங்கள்.

ஜாடி

வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்த மண்சிமிழில் தேன் ஸ்கிரப்பை அடைத்து விற்றால் புதுச்சேரியின் வெள்ளை நகரத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மண் எண்ணெயைக் குடித்து வெளியே கசியவிடும், உள்ளே கழுவிச் சுத்தம் செய்யவும் முடியாது. ஆசைப்பட்டால் பிளாஸ்டிக் ஜாடியை உள்ளே வைத்து, மண்சிமிழை வெளிக்கூடாகக் கொடுங்கள்; குயவருக்கும் வேலை கிடைக்கும்.

கண்ணாடி ஜாடி குளியலறையில் வழுக்கி விழுந்தால் ஆபத்து. பெட் ஜாடி, உள்மூடித் தகடு, கூடவே ஒரு சிறு ஸ்பேட்டுலா. வாய் அகன்ற டியூப் கிடைத்தால் அதுதான் எல்லாவற்றிலும் மேல், ஈரக்கை உள்ளே போகவே வழியில்லை.

சோதனை

முதல் பேட்சிலிருந்து மூன்று ஜாடிகளை விற்காமல் எடுத்துவையுங்கள். ஒன்று அலமாரியில், ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று 45 டிகிரி வெப்பப் பெட்டியில். பன்னிரண்டு வாரம், வாரம் ஒருமுறை திறந்து நிறம், வாசனை, பிரிதல் மூன்றையும் எழுதுங்கள். என் சொந்தச் சோதனை ஒன்றும் உண்டு: சித்திரை மதியத்தில் ஸ்கூட்டர் டிக்கியில் நான்கு மணி நேரம். கடைக்காரர் நம் சரக்கை அப்படித்தான் நடத்துவார்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கை, ஈஸ்ட், பூஞ்சை, நோய்க்கிருமிகள், காரீயம், ஆர்சனிக் கேளுங்கள். தோல் கிரீம்களுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 6608, கிராமுக்கு 1000-க்கு மேல் நுண்ணுயிர் கூடாது என்கிறது. அந்த அளவையே நாமும் வைத்துக்கொள்ளலாம். இதோடு பிரிசர்வேட்டிவ் சேலஞ்ச் டெஸ்ட் ஒருமுறை. கிருமியை வேண்டுமென்றே உள்ளே விட்டு, நம் கலவை அதைக் கொல்கிறதா என்று பார்ப்பார்கள். செலவுதான். என்றாலும் ஈரக்கை உள்ளே போகும் பொருளுக்கு இதைத் தவிர்க்க முடியாது.

லேபிளில்

பொருளின் பெயர், தயாரிப்பவர் பெயரும் முழு முகவரியும், உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், நிகர எடை, அதிகபட்ச விலை, புகார் தெரிவிக்கத் தொலைபேசி எண், பொருள் பட்டியல். பட்டியல் எடை வரிசையில் இறங்க வேண்டும்: சர்க்கரை, தேங்காய் எண்ணெய், தவிட்டு எண்ணெய், வாக்ஸ், பிறகு தேன். தமிழில் மட்டும் அச்சிட்டால் எடையளவுச் சட்டத்துக்குப் போதாது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழ் கூடுதலாக.

எச்சரிக்கை வரிகளைக் கண்ணுக்கு எட்டாத சிறு எழுத்தில் போடாதீர்கள்: வெளிப்பூச்சுக்கு மட்டும். முகம், புண், வெயில் பட்டுச் சிவந்த தோல் ஆகியவற்றில் வேண்டாம். தேன், மகரந்தம், தேனீப் பொருட்கள் ஒவ்வாதவர்கள் தவிர்க்கவும். முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பார்க்கவும். ஈரக்கையை ஜாடிக்குள் விட வேண்டாம். தரை வழுக்கும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். தேன் வாசனைக்கு அவர்கள் நக்கிப் பார்ப்பார்கள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நல்ல தேனே ஆகாது.

“பரு போகும்”, “கிருமி நாசினி”, “தழும்பு மறையும்” என்று ஒன்றையும் எழுதாதீர்கள். எழுதினால் அது மருந்தாகிவிடும், உரிமமே வேறு. மருத்துவமனையில் புண்ணுக்கு வைக்கும் தேன் காமா கதிரால் கிருமி நீக்கி அடைத்தது. அந்தப் பெருமையை நம் ஜாடி கடன் வாங்க முடியாது. “ஆயுர்வேதம்”, “சித்த” என்ற சொற்களுக்கும் தனி உரிமம் உண்டு. “6% தேன், பாகூர்” என்று எழுதலாம், கேன் மேல் ஒட்டிய சீட்டு அதைச் சொல்லுமானால்.

ஒவ்வொரு பேட்சிலும் ஒரு ஜாடியைப் பேட்ச் எண்ணோடு அலமாரியில் வையுங்கள். கடையிலிருந்து ஜாடி திரும்பி வந்தால் முதலில் பணத்தைக் கொடுத்துவிடுங்கள், வாதாட வேண்டாம். பிறகு இரண்டு ஜாடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறங்கள். அலமாரி ஜாடியும் கள் வாடை அடித்தால் அந்த எண்ணுள்ள எல்லா ஜாடிகளையும் அன்றே கடைகளிலிருந்து எடுக்க வேண்டும். வந்த ஜாடி மட்டும் அடித்தால், உள்மூடித் தகட்டைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அடியில் தண்ணீர் நிற்கும்.